வராத பந்து

என் வலது கைச் சுட்டுவிரல் எம்லின் புரோபர்ட்டின் சுட்டுவிரலைவிட வேகமானது. இது நான் அடித்துக்கொள்ளும் தம்பட்டம் அல்ல. 1968 பிப்ரவரியில் எர்லாங்கனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளந்து, தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் இருந்த செய்தி. எம்லின் புரோபர்ட் வேல்ஸ் நாட்டுக்காரர், கால்பந்தையே தொழிலாகக் கொண்ட கோல்கீப்பர். நான் அன்றுவரை ஒரு பந்தைக்கூட உதைத்திராதவள். தாளில் கையெழுத்துப் போட்டவர் என் கணவர்.

அவர் பெயர் வாசுதேவன். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜெர்மன் அலுவலகங்களில் படிவம் நிரப்பும்போது கேட்பார்கள், எழுதிக் காட்டிவிடுவேன். ஆனால் நான் சொல்லப்போவதில் முக்கியமான ஆண்கள் இருவர் இருக்கிறார்கள். இருவரையும் 'அவர்' என்றே எழுதிக்கொண்டு போனால் படிக்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். அதனால் பெயரையே எழுதுகிறேன். முதல் தடவை கை கொஞ்சம் தயங்கியது. இப்போது அவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது, கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசுதேவன் கிண்டியில் மின்னணுவியல் படித்தவர். எர்லாங்கனில் மனித உடலின் எதிர்வினையை அளக்கும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தார். ஒரு மரப்பெட்டி, அதில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு, எதிரே ஒரு பொத்தான். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். எரிந்ததற்கும் அழுத்தியதற்கும் இடையிலுள்ள நேரத்தைப் பெட்டி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சுத்தமாகச் சொல்லிவிடும். கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கை தேவை. எங்கள் நண்பர் குருமூர்த்தி வேதியியல் ஆராய்ச்சி மாணவர், கும்பகோணத்துக்காரர், வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவருடைய கை, காலைப் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்காது. ஆகையால் என் கை.

எர்லாங்கனுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில், ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊருக்கு ஒரு கால்பந்துக் குழு இருந்தது. நாட்டின் பெரிய குழுக்களுக்கு ஒரு படி கீழே ஆடியது. குழுத் தலைவர் லிண்ட்னர் பால்பண்ணை வைத்திருந்தவர். பெரிய குழுக்கள் ஆட்டக்காரர்களை மருத்துவரிடம் அனுப்பி அளந்து பார்க்கின்றன என்று எங்கோ கேள்விப்பட்டு, தன் ஆட்களையும் அளந்து தரவேண்டும் என்று ஆய்வுக்கூடத்தைக் கேட்டுக்கொண்டார். உண்மையில் அவருக்கு ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கோல்கீப்பருக்கு முப்பத்து மூன்று வயது. ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இருபது வயதில் வேறொரு பையன் கைவசம் இருந்தான்.

பதினோரு பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்கள். இடது ஓரத்தில் ஆடும் டீட்டர் கோல்ப் எல்லாரையும்விட வேகம். எம்லின் புரோபர்ட் கடைசிக்கு முந்தின இடம். தாளின் உச்சியில், கருவியைச் சரிபார்த்த ஆளின் கணக்கும் வழக்கப்படி இருந்தது: எஸ்.வி. என்ற இரண்டு எழுத்தோடு. அந்த எஸ்.வி. கோல்கீப்பரைவிட நல்ல வித்தியாசத்தில் வேகம்.

எம்லின் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் குழுவில் எஸ்.வி. என்று யாரும் இல்லையே என்று கேட்டிருக்கிறார். வாசுதேவன் பொய் சொல்லத் தெரியாதவர். என் மனைவி சியாமளா என்று சொல்லிவிட்டார். எம்லின் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். பிறகு, அந்த அம்மாவை நான் பார்க்க வேண்டுமே என்றாராம். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

வாசலில் குனிந்துதான் நுழைந்தார். அவருடைய விரல்களைத்தான் முதலில் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. வலது கைப் பெருவிரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்தக் கையை நீட்டி, "உலகத்தின் வேகமான கோல்கீப்பருக்கு வணக்கம்," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை எல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் எழுத்தில் வராது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மேடேறி இறங்கும்.

குருமூர்த்தி ரசத்தை டம்ளரில் குடித்தபடி, "அண்ணி, பேசாம நீங்களே கோல் போஸ்ட்டுல நின்னுடுங்க. புடவை ப்ளீட்ஸ்லயே பாதிப் பந்து மாட்டிக்கும்," என்றார். வாசுதேவன் அதை மொழிபெயர்த்தபோது முகம் சிவந்தார். எம்லின் மறுபடியும் சிரித்தார். கேலிக்கு ஆளானவர் அவர்தான் என்றாலும் அந்த அறையில் அதை அதிகம் ரசித்தவரும் அவர்தான்.

சாப்பாட்டுக்கு நடுவே தன் கதையைச் சொன்னார். தெற்கு வேல்ஸில் தகரத் தகடு செய்யும் ஆலைகள் இருந்த ஒரு துறைமுக ஊர் அவருடையது. பதினைந்து வயதில் ஆலைக்குப் போனார். அங்கே இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் நிற்பவர் பழுக்கக் காய்ந்த தகட்டை உருளைகளுக்கு நடுவே செருகுவார். பின்னால் நிற்கிறவன், அது வெளியே வரும் கணத்தில் இடுக்கியால் பிடித்து உருளைக்கு மேலாகத் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க இப்படித்தான். எம்லின் பின்னால் நிற்கிறவன். தகடு எந்தப் பக்கம் சாய்ந்து வரும் என்று உருளை மறைத்திருக்கும். முன்னால் நிற்பவரின் மேல்பாதி மட்டும் தெரியும்.

"அப்ப எந்தப் பக்கம் வரும்னு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"தெரியும்," என்றார். "தெரியாதவங்களுக்குக் கையில தழும்பு இருக்கும்."

அவர் கையில் உடைந்த விரல்கள் இருந்தன. சுட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை.

ஆலை மூடிய பிறகு கால்பந்து. இங்கிலாந்தில் மூன்றாம் பிரிவுக் குழு ஒன்றில் இருபத்திரண்டு வயதில் முதல் கோல்கீப்பர் ஆகிவிட்டார். வேல்ஸ் நாட்டு அணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வாரம் ஒரு பத்திரிகைக்காரர், பந்து எங்கே வரும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டார். அதுவரை எம்லின் அதைப்பற்றி யோசித்ததே இல்லை. அன்று யோசித்தார். அடுத்த ஆட்டத்தில் நின்றுகொண்டு, நான் எதைப் பார்க்கிறேன், எதைப் பார்க்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து கோல் போனது. அதற்கடுத்ததில் நான்கு. இரண்டு மாதத்தில் இடம் போயிற்று. வேல்ஸ் அணி வேறொருவரை அழைத்துக்கொண்டது. மறுபடி யோசிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. வேல்ஸ் சட்டை மறுபடி வரவே இல்லை. பிறகு நான்கு குழுக்கள், நான்கு ஊர்கள். முப்பத்தொரு வயதில் இங்கிலாந்தில் யாருக்கும் தேவைப்படாமல் போனபோது ஜெர்மனிக்கு வந்தார். இதையெல்லாம் அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, வேறொருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

போகும்போது, நாளை ஆட்டம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

போனோம். நான் புடவைமேல் கோட்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாக, ஈரப் பலகைமேல் நின்றேன். பனி உருகிச் சேறாகக் கிடந்த மைதானம். முதல் அரை மணியில் எனக்கு விளங்கியது, எம்லின் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார் என்பது மட்டும்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். பிறகு எதிரணிக்காரர் ஒருவர் தடுப்பவர்களை எல்லாம் தாண்டி, ஆறேழு மீட்டர் பக்கத்தில் தனியாக வந்து உதைத்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் முன்கூட்டியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆட்டம் தெரியாததால் நான் திருப்பிக்கொள்ளவில்லை. அதனால்தான் பார்த்தேன்.

பந்து புறப்படுவதற்கு முன்னால் எம்லின் புறப்பட்டிருந்தார்.

அவசரம் எதுவும் இல்லை. அந்தப் பெரிய உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்து காற்றில் நீண்டது. பந்து பிறகு வந்து, அவருக்காகவே எறியப்பட்டதுபோல, கைகளில் உட்கார்ந்தது. சின்ன வயதில் கோயிலில் திரை விலகும் நொடி இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு. பலகைமேல் இருந்தவர்கள் கத்தினார்கள். அதேபோல இன்னும் ஒரு முறை பிடித்தார். வாசுதேவன் இரண்டாவது தடவை என் முழங்கையைப் பிடித்தவர் ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

ரயிலில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சியாமளா, என் நம்பர் கரெக்ட். கேள்விதான் தப்பு," என்றார்.

"என்ன கேள்வி?"

"பல்ப் எரிஞ்சா எவ்வளவு சீக்கிரம் அழுத்துறேன்னு கேட்டேன். அந்த மனுஷன் பல்ப் எரியறதுக்காக வெயிட் பண்றவரே இல்ல. எரியப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சவர்கிட்டப் போய் பெட்டியை நீட்டியிருக்கேன்."

தாளோ லிண்ட்னர் கைக்குப் போய்விட்டது. வரும் வியாழக்கிழமை குழுவின் கூட்டம். அளந்த அறிவியலே சொல்லிவிட்டது, இனி என்ன என்று லிண்ட்னர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசுதேவன் மறுநாளே ஆய்வுக்கூடத்தின் தலைவரான பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அளந்தது அளந்ததுதான், கையெழுத்தையும் போட்டாகிவிட்டது, வேண்டுமானால் வேறொரு பரிசோதனை செய்து பாருங்கள், ஆனால் ஆய்வுக்கூடத்துச் சாமான் எதையும் வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று பதில் வந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் உட்காராமல் அலமாரியைத் திறந்து நின்றார்.

"உன் புடவை ஒண்ணு வேணும். நல்லா லைட் கலர்."

கொடியில் காயும் புடவையைக்கூட மடித்து வைக்காத மனிதர் புடவை கேட்கிறார். வெளிர் மஞ்சளில் ஒரு கோயம்புத்தூர் காட்டன் புடவை இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு, மைதானத்தில் நாங்கள் ஐந்து பேர். எம்லின் கோலில். பந்து உதைக்க டீட்டர் கோல்ப். இரண்டு மூலைக் கொடிக்கம்புகளைப் பிடுங்கி, அவற்றில் புடவையைக் கட்டி, பந்துக்கு இரண்டு எட்டு முன்னால் திரைபோலப் பிடித்தோம்: ஒரு கம்பு நான், இன்னொன்று குருமூர்த்தி. வாசுதேவன் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில்.

முதலில் புடவையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். கீழ்க் கரை முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும். கோலிலிருந்து பார்த்தால் பந்தும் உதைக்கிற காலும் தெரியும்; கோல்பின் மேலுடம்பு தெரியாது. தரையோடு உருளும்படி இருபது பந்து. எம்லின் மூன்றைத்தான் தடுத்தார். மற்றவற்றுக்கு நம்மைப்போலவே தாமதமாக விழுந்தார். சேற்றில் எழுந்து எழுந்து நிற்கும்போது அவர் முகம் கறுத்துப்போயிற்று. பந்து தெரிகிறது, கால் தெரிகிறது, பிடிக்க முடியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அறிவியல் இரண்டாம் தடவையும் அவரைக் கவிழ்க்கத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு புடவையைத் தரையைத் தொடும்படி இறக்கச் சொன்னார். இப்போது பந்து மறைந்துவிட்டது, கால்கள் மறைந்துவிட்டன. கோல்ப் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தான். உதைத்த பந்து புடவையில் மோதி அங்கேயே விழுந்துவிடும்.

எம்லின் அங்கிருந்து கேட்டார். "பந்து வராதா?"

"வராது," என்றார் வாசுதேவன்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"எப்பவும் செய்யறதைச் செய்."

நான் புடவையின் நடுவில் ஓர் ஊக்கு குத்தியிருந்தேன். சேறு அப்பிய பந்து மஞ்சள் துணியில் மோதினால் தடம் விழும். ஊக்குக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்தால் பந்து எங்கே போயிருக்கும் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் வாசுதேவன் மைப்பென்சிலால் எண் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

கோல்ப் ஓடி வந்து உதைத்தான். புடவை தொப்பென்று உப்பியது. குருமூர்த்தி கம்போடு ஓரடி முன்னால் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே, கோலின் வலது மூலையில், எம்லின் முழு உடம்பும் நீட்டி விழுந்து கிடந்தார். கைகள் எதையோ அணைத்திருந்தன. கைகளில் ஒன்றும் இல்லை. எழுந்து, காலியான கையுறைகளைப் பார்த்து, கொஞ்சம் வெட்கப்பட்டவர்போலத் துடைத்துக்கொண்டார்.

ஊக்குக்கு வலது பக்கம் ஒரு சேற்று வட்டம்.

இரண்டாவது, இடது. அவரும் இடது. மூன்றாவது, இடது. அவரும் இடது. குருமூர்த்தி முதலில் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாவதுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். வராத பந்துக்கு ஒரு பெரிய மனிதர் திரும்பத் திரும்பப் பாய்கிறார். ஒவ்வொரு தடவையும் அது வந்திருக்கக்கூடிய இடத்தில் போய் விழுகிறார். கோயிலில் திரையை விலக்கினால்தான் தரிசனம். இங்கே திரையைப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு அந்த ஆலை ஞாபகம் வந்தது. சுற்றும் உருளைகள், மறைந்திருக்கும் தகடு, உருளைக்கு மேலே தெரியும் பாதி மனிதர். என் புடவைதான் உருளை. பதினைந்து வயதில் அவர் நின்ற அதே இடத்தில் நாங்கள் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

இருபதில் பதினேழு. நடுநடுவே வாசுதேவன் கோல்பைத் தனியாக அழைத்து ஏதோ கேட்டு எழுதிக்கொண்டார். முடிந்ததும் எம்லின் ஓடி வந்து எண்ணிக்கையைக் கேட்டார். பதினேழு என்றதும் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

"எந்த மூணு?" என்று கேட்டார். தடங்களைக் காட்டினேன். ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு. விரலால் தொட்டுப் பார்த்தார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த மூணும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். வயசாகுது."

வாசுதேவன் உற்சாகத்தில் இருந்தார். "எம்லின், நீ எதைப் பார்க்கிறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் ஓடி வரும்போது..."

வாக்கியம் முடியவில்லை. எம்லின் சேறு அப்பிய கம்பளிக் கையுறையோடு அவர் வாயைப் பொத்திவிட்டார்.

"சொல்லாதே. தெரிஞ்சா நான் செத்தேன். நான் கோலை விட்டுப் போறவரைக்கும் சொல்லாதே. எங்கேயும் எழுதாதே. உதைக்கிறவங்க காதுக்குப் போச்சுன்னாலும் செத்தேன்."

வாசுதேவன் வாயில் சேற்றோடு தலையாட்டினார். என்ன ஒப்புக்கொள்கிறார் என்று அந்த நிமிடம் அவருக்கே புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அது அவருக்குக் கிடைத்த முதல் பெரிய கண்டுபிடிப்பு. கட்டுரையாக எழுதினால் ஆய்வுக்கூடத்தில் இடம் நிலைத்துவிடும். ரயிலில் ஏறியதும் நோட்டைத் திறந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தார். தமிழில் எழுதினார். பேராசிரியர் யாருடைய நோட்டையும் கேட்காமல் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். தமிழில் இருந்தால் புரட்டட்டும் என்றார்.

வியாழக்கிழமை மாலை, குழுவினர் வழக்கமாகக் கூடும் உணவு விடுதியின் பின் அறை. புடவையை விரிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏழெட்டுப் பேர், பீர்க் குவளைகள், சுருட்டுப் புகை. எம்லின் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, துவைக்காத புடவையை விரித்தேன். சேறு காய்ந்து உதிர்ந்தது. லிண்ட்னர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தொட்டு, முந்தானை வரைக்கும் எண்ணிக்கொண்டே போனார். வாசுதேவன் நோட்டிலிருந்து கோல்கீப்பர் பாய்ந்த பக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

லிண்ட்னர் கெட்டவர் இல்லை. தன் மாடுகள் எவ்வளவு கறக்கும் என்று அளந்து பார்த்தே வாங்குகிறவர், அவ்வளவுதான். நிமிர்ந்து, சரி, இதை எப்படிச் செய்கிறார் என்று கேட்டார். விளக்கம் இல்லாவிட்டால் இது அதிர்ஷ்டம்தானே என்றார்.

எம்லின் கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காதுகளைப் பொத்திக்கொள்ள நினைக்கிறார், முடியவில்லை என்று எனக்குப் பட்டது.

வாசுதேவனுக்குப் பதில் தெரியும். அவர் கையிலிருந்த நோட்டிலேயே மூன்று பக்கமாக இருந்தது. தெரிந்ததைத் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. கணக்கில் ஒரு சைபர் விட்டுப்போனால்கூட மறுநாள் தானே போய்ச் சொல்லுகிறவர்.

"எனக்குத் தெரியாது," என்று ஜெர்மனில் சொன்னார்.

யாரோ சிரித்தார்கள். அவர் தொடர்ந்து பேசினார். வேகம் அளந்த தாளில் இருப்பது தன் கையெழுத்து. ஒரு கோல்கீப்பரை விளக்குக்கு முன்னால் உட்காரவைத்தது தன் தவறு. அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், உங்கள் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கையை நீட்டிக்கொண்டு நின்றார். லிண்ட்னர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பிறகு தாளை மடித்துக் கொடுத்துவிட்டார். காட்டுவதற்குக் கையில் தாள் இல்லாதபோது அவருக்குச் சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு வருடம் ஐந்து வருடம் ஆயிற்று. எம்லின் முப்பத்தெட்டு வயதுவரை அந்தக் கோலில் நின்றார். பெரிய குழுக்களின் உதைப்பாளர்கள் கோப்பை ஆட்டங்களுக்கு வந்து, உதைத்துவிட்டு, நம்பாமல் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தன் சொந்த நாட்டுக்கு அவர் ஒரு நாளும் ஆடவில்லை.

பேராசிரியர் கட்டுரை கேட்டார். சோதனை இன்னும் முழுமையாகவில்லை என்று வாசுதேவன் சொன்னார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். மூன்றாவது வருடம் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். வாசுதேவன் அதே ஊரிலுள்ள பெரிய மின்கருவி நிறுவனத்தில் சேர்ந்து, மருத்துவமனைகளுக்கு இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகள் செய்யப் போனார். தினம் சைக்கிளில் போய் வந்தார். ஒரு நாளும் அந்த மூன்று பக்கத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எம்லினும் அவரும் மாதம் ஒரு முறையாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். எல்லாம் பேசுவார்கள், அதைத் தவிர. எம்லின் ஓய்வு பெற்ற பிறகாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கிறேன், கேட்கிறேன், அவசரம் என்ன என்பார்.

1974 ஜனவரியில், நாற்பத்திரண்டு வயதில், வாசுதேவன் சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். இதயம். அவர் செய்த கருவியிலேயே துடிப்பின் கோடு நேராவதைக் காட்டினார்கள்.

எம்லின் அப்போது தாயாரைப் பார்க்க வேல்ஸ் போயிருந்தார். மார்ச்சில்தான் வந்தார். வாசலில் வழக்கம்போலக் குனிந்து நுழைந்தார். நான் காப்பி போட்டேன். அவர் பார்வை அறை முழுக்கச் சுற்றிவிட்டு வாசுதேவன் உட்காரும் நாற்காலிக்கே திரும்பத் திரும்பப் போனது.

"கேட்காமலே இருந்துட்டேன்," என்றார் கடைசியில். "அவன் இருப்பான்னு நினைச்சேன்."

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். அதை நானும் அதுவரை திறந்ததில்லை. அவருடைய கையெழுத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. தமிழில் இருப்பதால் எம்லினுக்கு உதவாது. எனக்காக எழுதிவைத்தது மாதிரி ஆகிவிட்டது.

முதல் பக்கத்தை மனத்துக்குள் படித்தேன். மைதானம், காற்று, புடவையின் உயரம். பிறகு கோல்பிடம் கேட்டு எழுதிய பகுதி. அதில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மறுபடியும் படித்தேன். பிறகு வாசுதேவன் எழுதியிருந்ததை வரிக்கு வரி எம்லினுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு ஆகிய மூன்றிலும் தான் குறிவைத்த பக்கம் வேறு என்று கோல்ப் சொல்கிறான். உதைக்கும்போது ஊன்றிய கால் சேற்றில் வழுக்கிப் பந்து மறுபக்கம் போய்விட்டதாம். மூன்று தடவையும் அவன் குறிவைத்த பக்கத்தில்தான் எம்லின் பாய்ந்திருக்கிறார். ஆகவே இருபதுக்கு இருபது. வியாழக்கிழமை தன் ஒப்பந்தமும் பேசப்படுவதால் வழுக்கியதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கோல்ப் கேட்டுக்கொண்டான். வாக்குக் கொடுத்திருக்கிறேன். எம்லினிடம் சொல்ல முடியாததுதான் கஷ்டமாக இருக்கிறது."

கோல்ப் மியூனிக்கில் பெரிய குழு ஒன்றுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது.

எம்லின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். நிமிராத இரண்டு விரல்களை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஆறு வருஷம்," என்றார். "அந்த மூணையும் தினம் பிடிச்சுப் பார்த்திருக்கேன், மிஸஸ் வாசு. படுக்கையில் படுத்துக்கிட்டு. ஏழாவதுக்கு இந்தப் பக்கம் போயிருக்கணுமோ, அந்தப் பக்கம் போயிருக்கணுமோன்னு." பிறகு அந்தப் பழைய சிரிப்பு மெதுவாக ஏறி வந்தது. உச்சிக்கு வந்ததும் அழுகையாக மாறிவிட்டது. "அவன் தெரிஞ்சுக்கிட்டே எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கான்."

நானும் அழுதேன். ஜனவரிக்குப் பிறகு அன்றுதான் சுலபமாக அழ வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். தலைப்பே 'அவர் பார்ப்பது என்ன' என்று இருந்தது. கீழே ஒரு படம்கூட வரைந்திருந்தார்.

"இனிமேல்தான் நீங்க எதைப் பார்க்கிறீங்கன்னு எழுதியிருக்கார். படிக்கட்டுமா?" என்றேன்.

எம்லின் உள்ளங்கையை விரித்து எனக்கு முன்னால் நீட்டினார். அத்தனை பந்துகளை நிறுத்திய கை.

"வேண்டாம்," என்றார். "முப்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்க அணி ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. சனிக்கிழமை ஆட்டம்."

நோட்டை மூடினேன். இப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது, இன்னும் அந்தக் கோலில் நிற்கிறார். அதனால் அந்தப் பக்கத்தில் இருப்பதை நான் இங்கேயும் எழுதவில்லை.